மலையில் இருந்துகொண்டு ஹாப்ஸ் வகைகளை ஒப்பிடுவது எப்படி?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருந்துகொண்டு பீர் தயாரிப்புத் தொழிலுக்குள் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெங்களூரு மைக்ரோ புரூவரிகளில், அதாவது சின்ன அளவில் பீர் காய்ச்சுகிற இடங்களில், வேலைக்கு முயல்கிறவர்கள் இருப்பீர்கள். பீரில் அந்தக் கசப்பும் பழ வாசனையும் எங்கிருந்து வருகிறது என்று சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களும் இருப்பீர்கள். அவை வருவது ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவிலிருந்துதான். இணையத்தில் கிடைக்கிற குறிப்புகள் பெரும்பாலும் தாழ்வான ஊர்களில், வேறு நாட்டில் இருக்கிறவர்கள் எழுதியவை. அதை அப்படியே இங்கே செய்தால் கணக்கு இடிக்கும். தண்ணீர் கொதிக்கும் சூடு வேறு, சட்டம் வேறு, பாக்கெட் மலையேறி வருகிற வழியும் வேறு. தட்டுத்தடுமாறி நான் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறேன், நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்று. வகையின் பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள், கையில் இருக்கும் பாக்கெட்டை வைத்து ஒப்பிடுங்கள். கேஸ்கேட் என்கிற ஒரே வகைதான், ஆனால் அறுவடை ஆண்டு மாறினால், ஃப்ரீசரில் இருந்ததா அலமாரியில் கிடந்ததா என்பது மாறினால், இரண்டு வேறு சரக்காகிவிடும். அப்புறம், ஒரு கோப்பையிடம் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். வாசனையா, கசப்பா? இரண்டையும் ஒரே கோப்பையில் பார்க்க முயல்கிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

1. சட்டத்தில் எதுவரை போகலாம்

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் சொந்த உபயோகத்துக்கு ஐந்து லிட்டர் பீர் காய்ச்சினாலும் அதேதான். வீட்டில் பீர் காய்ச்ச "கிட்" விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே நொதிக்கவைத்து மதுவாக்குகிற ஈஸ்ட் இந்தக் கட்டுரையில் எங்கேயும் வராது. ஹாப்ஸைத் தேயிலை மாதிரி தண்ணீரில் போட்டு எடுத்து முகர்ந்து, சுவைத்துப் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் காய்ந்த பூங்கொத்து, அதில் போதை இல்லை. கஞ்சா குடும்பத்துச் செடி என்று யாராவது பயமுறுத்தினால், குடும்பம் ஒன்றுதான், போதை தருகிற பொருள் இதில் கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பொறி: பெங்களூரில் இருக்கிற நண்பர் வரும்போது அங்கே காய்ச்சிய பீரைப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிமாநில மதுவை அனுமதியில்லாமல் உள்ளே கொண்டுவருவதும் வழக்காகும், கக்கநல்லா சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். அவர் சொந்த வண்டியில் வருகிறார் என்றால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை இருக்கிறது, அதையும் நினைவுபடுத்திவிடுங்கள்.

2. எந்த வகைகளில் தொடங்குவது

கடையில் பட்டியலைத் திறந்தால் தலை சுற்றும். நான்கு போதும். மேக்னம், சாட்ஸ், கேஸ்கேட், சிட்ரா. நான்கும் நான்கு மூலையில் நிற்பவை என்பதால் வித்தியாசம் தெரியாமல் போகாது.

மேக்னம் ஜெர்மனியில் உருவான வகை. கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலம் 12 முதல் 14 சதவீதம்வரை இருக்கும். சுத்தமான கசப்பு, வாசனை அடக்கமானது. கசப்புக்கு அளவுகோலாக இதை வைத்துக்கொள்ளலாம்.

சாட்ஸ் செக் நாட்டில் ஷாடெட்ஸ் ஊரைச் சுற்றி விளைகிற பழைய வகை, ஆல்ஃபா 3 முதல் 4.5தான். மண், மூலிகை, கொஞ்சம் மிளகு. முதல் தடவை முகர்கிறவர்கள் "இதில் ஒன்றுமே இல்லையே" என்பார்கள். மூக்குப் பழகப் பழகத்தான் இது பிடிபடும், எனக்கு நான்கில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

கேஸ்கேட் அமெரிக்காவில் 1972-இல் வெளியான வகை. ஆல்ஃபா 4.5 முதல் 7. பம்பளிமாஸ் தோல், பூ வாசனை. சிட்ரா 2007-இல் வந்தது, ஆல்ஃபா 11 முதல் 14 வரை போகும். மாம்பழம், லிச்சி, எலுமிச்சை, தாட்பூட் பழம் எல்லாம் ஒன்றாக முகத்தில் அடிக்கும். சிலருக்கு இதே சிட்ரா பூனை மூத்திரம்போல வாடை அடிக்கும், அதுவும் மூக்குக்கு மூக்கு மாறுகிற உண்மையான வித்தியாசம்தான், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், குறித்து வையுங்கள்.

பெயரில் ஏமாற நிறைய இடம் இருக்கிறது. "ஹாலர்டாவ்" என்று மட்டும் போட்டிருந்தால் அது ஜெர்மனியில் ஒரு வட்டாரத்தின் பெயர். அங்கே மிட்டல்ஃப்ரூவும் விளைகிறது, மேக்னமும் விளைகிறது, இரண்டும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். "ஸ்டிரியன் கோல்டிங்ஸ்" கோல்டிங்ஸே கிடையாது, அது இங்கிலாந்தின் ஃபக்கிள் வழி வந்தது. நியூசிலாந்தில் விளைந்த கேஸ்கேட்டை இப்போது டைஹேகே என்று வேறு பெயரில் விற்கிறார்கள். ஆகவே வகை, நாடு, அறுவடை ஆண்டு மூன்றும் சேர்ந்தால்தான் முழுப் பெயர்.

3. வாங்கும்போது கேட்க வேண்டிய காகிதங்கள்

வெளிநாட்டிலிருந்து நேராகத் தருவிக்க ஆசைப்படாதீர்கள். தாவரப் பொருள் இந்தியாவுக்குள் வருவது 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின் கீழ் வருகிறது. அனுப்பும் நாட்டின் தாவரநலச் சான்று கேட்பார்கள். ஐம்பது கிராம் பாக்கெட்டுக்காக யாரும் அதை எடுத்துத் தரப் போவதில்லை, பாக்கெட் சுங்கத்தில் கிடந்து வீணாகும். உறவினர் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதும் இதே கதைதான். இந்தியாவிலேயே இறக்குமதி செய்து சின்னச் சின்னப் பாக்கெட்டாக விற்கிற கடைகள் இணையத்தில் இருக்கின்றன, அங்கே வாங்குங்கள்.

ஆர்டர் போடும் முன் கடைக்கு ஒரு செய்தி அனுப்பி நான்கு விஷயம் கேளுங்கள்: அறுவடை ஆண்டு, அந்த லாட்டின் (ஒன்றாகத் தயாரான சரக்குத் தொகுதியின்) ஆல்ஃபா சதவீதம், இங்கே வந்த பிறகு குளிரில் வைத்திருந்தார்களா, திரும்பப் பொட்டலம் போட்டபோது நைட்ரஜனோ வெற்றிடமோ செய்தார்களா. ஆல்ஃபாவைக் கேட்டால் "5 முதல் 7" என்று பொதுவான வீச்சைச் சொல்லி நழுவுவார்கள். அது அந்த வகையின் வீச்சு, உங்கள் பாக்கெட்டின் எண் இல்லை. பெரிய பையில் லாட் எண்ணோடு ஒரே ஓர் எண் அச்சடித்திருக்கும், அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிற கடையில் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்கி வையுங்கள். பின்னால் புரூவரி வேலைக்குப் போகும்போது உங்கள் குறிப்பு நோட்டோடு லாட் எண்ணும் பில்லும் இருந்தால் பேச்சுக்கு ஒரு மதிப்பு வரும்.

எல்லாம் பெல்லட்டாகவே வாங்குங்கள், அதாவது பூவைப் பொடித்து அழுத்திச் செய்த சின்னக் குச்சித் துண்டுகள், டி-90 என்று போட்டிருக்கும். ஒன்று பெல்லட், ஒன்று முழுப் பூ, ஒன்று லூப்புலினை (பூவுக்குள் இருக்கிற மஞ்சள் பிசின் தூளை) பிரித்தெடுத்த செறிவுப் பொடி என்று கலந்து வாங்கினால் ஒப்பீடே நடக்காது.

செலவைப் பொறுத்தவரை, 50 கிராம் பாக்கெட் சில நூறு ரூபாய் ஆகும், சிட்ரா எப்போதும் மற்றவற்றைவிட விலை கூடுதல். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று தேவை, அதுவும் சில நூறுதான். நகைக்கடைத் தராசு என்று தேடினால் வரும். ஒரு தெர்மாமீட்டர். மற்றபடி வீட்டில் இருக்கிற பாத்திரம் போதும். தராசில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழே சும்மா ஊகிக்கும்.

நேரம்: வட நாடுகளில் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில். அது பெல்லட்டாகி, கப்பலேறி, நம் ஊர்க் கடைக்கு வர மாதங்கள் ஆகும். ஜனவரிக்குப் பிறகு கேட்டால் புது அறுவடை கிடைக்க வாய்ப்பு அதிகம். அக்டோபர், நவம்பரில் ஆர்டர் போடாதீர்கள். கிடைப்பது பழைய சரக்காக இருக்கும், போதாததற்கு மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து கூரியர் வண்டி கீழேயே நின்றுவிடும்.

4. பாக்கெட் வந்ததும்

நைட்ரஜன் நிரப்பிய பாக்கெட் ஊட்டிக்கு வந்து சேரும்போது உப்பி, கல்போல விறைத்து நிற்கும். பார்த்தவுடன் கெட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் இதனால்தான். கவலைப்பட வேண்டியது இதற்கு நேர்மாறானதைப் பார்த்தால்: நைட்ரஜன் போட்டோம் என்று சொன்ன பாக்கெட் இங்கே தொளதொளவென்று வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வெற்றிடமாக அடைத்தது என்றால் செங்கல்போல இறுகியே இருக்க வேண்டும்.

வந்த அன்றே ஒவ்வொன்றையும் பிரித்து, ஐந்து ஐந்து கிராமாகச் சின்ன உறைகளில் போட்டு, காற்றை நசுக்கி வெளியேற்றி மூடி, வகை, ஆண்டு, ஆல்ஃபா, பிரித்த தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பெரிய பாக்கெட்டைத் தினமும் திறந்து மூடினால் மூடுபனிக் காலத்து ஈரம் உள்ளே போய் பெல்லட் ஊறி உதிர்ந்துவிடும். நம் ஊர் குளிராகத்தானே இருக்கிறது, வெளியே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கேஸ்கேட் 20 டிகிரியில் ஆறு மாதம் இருந்தாலே ஆல்ஃபாவில் பாதியை இழந்துவிடும். மேக்னம் தாக்குப்பிடிக்கும், அதே ஆறு மாதத்தில் 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு வருடப் பழைய கேஸ்கேட்டையும் மேக்னத்தையும் ஒப்பிட்டு "கேஸ்கேட் சப்பென்று இருக்கிறது" என்று எழுதி வைத்தால் அந்தக் குறிப்பால் யாருக்கும் பயன் இல்லை.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த உறையை உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பெல்லட்டின் மேல் நீர் பூத்துவிடும், எடையும் தப்பாகும்.

5. கசக்கி முகர்தல்

இதற்குச் செலவே இல்லை, ஆனால் பாதிப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு பெல்லட்டை உள்ளங்கையில் வைத்து இன்னொரு கைக் கட்டைவிரலால் அழுத்தி நசுக்குங்கள். முதலில் பச்சைப் புல் வாசனைதான் வரும். விடாமல் தேய்த்தால் கை சூடாகி, பிசுபிசுப்பு ஏறி, விரல் ரேகையெல்லாம் மஞ்சள் பிடித்து, அப்போதுதான் உள்ளே இருக்கிற எண்ணெய் அவிழும். அந்தக் கட்டத்தில் இரண்டு உள்ளங்கையையும் குவித்து மூக்கருகே கொண்டுபோங்கள். ஆழ இழுக்காதீர்கள், சின்னச் சின்னதாக மூன்று நான்கு தடவை. வேர்த்த காலுறை, பழைய சீஸ் மாதிரி வாடை வந்தால் சரக்கு பழசு, மேலே போக வேண்டியதில்லை.

மலையில் ஒரு தனித் தொல்லை உண்டு, தைலம். யூகலிப்டஸ் எண்ணெய் கையில் பட்டிருந்தாலோ, சளிக்கு மூக்கில் தடவியிருந்தாலோ அன்றைக்கு விட்டுவிடுங்கள். சிம்கோ என்கிற இன்னொரு வகை, கேஸ்கேட் போன்றவற்றில் இருக்கிற பைன் வாசனையும் தைலமும் மூக்குக்குள் ஒன்றாகிவிடும். வாசனைச் சோப்பும் கூடாது. வகைக்கு வகை நடுவில் கையைக் கடலைமாவு போட்டுக் கழுவுங்கள், ஹாப்ஸ் பிசின் அவ்வளவு லேசில் போகாது. மூக்கு மரத்துப்போனால் காப்பிக்கொட்டை முகரச் சொல்வார்கள். என் அனுபவத்தில் சொந்தச் சட்டைக் கையை முகர்ந்தாலே போதும்.

குறிப்பெழுதும்போது வெளிநாட்டுச் சொற்களைக் கடன் வாங்காதீர்கள். நீங்கள் முகர்ந்தே பார்க்காத கூஸ்பெரி, பிளாக்கரன்ட் என்று எழுதி என்ன பயன்? இந்த மலையில் இல்லாத வாசனையா? தாட்பூட் பழம், பிளம்ஸ், ஊட்டிப் பேரிக்காய், நாரத்தை இலை, எலுமிச்சைப் புல், ஜெரேனியம், தைம், கொடைக்கானல் பைன் காட்டுச் சருகு, மழை விட்ட தேயிலைத் தோட்டத்து மண். உங்கள் நோட்டில் இவை இருந்தால் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் வாசனை திரும்பி வரும். புரூவரி நேர்முகத்துக்கு மட்டும் அவர்கள் சொல்லையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. வாசனைக் கோப்பை

இதில் நான் பின்பற்றுவது தேயிலை ருசிபார்ப்பவர்கள் முறை. குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கிற ஊரில் இருந்துகொண்டு அதைக் கற்காமல் விடலாமா? பக்கத்து வீட்டில் ஃபேக்டரியில் ருசிபார்த்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன் இருக்கிறார். அவரிடம் கோப்பையை நீட்டியபோது முதலில் அவர் குடிக்கவே இல்லை. வடிகட்டிய சக்கையை மூடியில் கவிழ்த்து அதைத்தான் முகர்ந்தார். "தண்ணியில போனதை நாக்கு சொல்லும் தம்பி, போகாததைச் சக்கைதான் சொல்லும்" என்றார். அதிலிருந்து நானும் சக்கையை முகராமல் கொட்டுவதில்லை.

தேயிலைக்கு உலகத் தர முறையில் 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிடம். ஹாப்ஸுக்கு அந்த அளவு தாங்காது. 250 மில்லி தண்ணீருக்கு 1 கிராம் பெல்லட் போடுங்கள். தண்ணீர் 65 முதல் 70 டிகிரிதான் இருக்க வேண்டும். அதற்கு மேலே போகப் போக ஆல்ஃபா அமிலம் உருமாறிக் கசப்பைக் கொடுக்கத் தொடங்கும், இந்தக் கோப்பையில் நமக்குக் கசப்பு வேண்டாம். மூடி போட்டுப் பத்து நிமிடம். மூடியைத் திறந்ததும் மூடியின் உள்பக்கத்தை முகருங்கள், அப்புறம் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, சக்கையை முகர்ந்து, கடைசியாகச் சுவையுங்கள். கரண்டியில் எடுத்து 'சுர்ர்' என்று சத்தமாக உறிஞ்ச வேண்டும், காற்றோடு சேர்ந்து போனால்தான் வாசனை மூக்கின் பின்பக்கம் ஏறும்.

தொண்டையில் துவர்ப்பு பிடித்து இழுத்தால் பயப்பட வேண்டாம். வெறும் தண்ணீர் பீரைவிடப் புளிப்புக் குறைந்தது என்பதால் இலைத் துவர்ப்பு அதிகம் இறங்கும். எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவில் இரண்டு மூன்று சொட்டு எலுமிச்சைச் சாறு போடுங்கள். சிட்ராவுக்கு வேண்டாம் என்று தோன்றும், அதற்கும் போடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு சாய்ந்துவிடும்.

தண்ணீர் வீட்டுக் குழாய்த் தண்ணீரே போதும். இங்கே பொதுவாகச் சமவெளியைவிட உப்புக் குறைந்த நீர்தான். குளோரின் வாடை அடித்தால் மட்டும் முந்தின நாளே கொதிக்க வைத்து ஆற விடுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீருக்கு நீலகிரியில் தடை இருப்பதால் அதைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் எல்லாச் சோதனைக்கும் ஒரே இடத்துத் தண்ணீர் வேண்டும்.

கோப்பைகளை முன்பே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வையுங்கள். டிசம்பர் காலையில் ஊட்டியில் முதல் கோப்பையைச் சுவைத்து முடிப்பதற்குள் நான்காவது பச்சைத் தண்ணீராகிவிடும். ஆறினதில் வாசனை குறைவாகத்தான் தெரியும், அந்தப் பழியைப் பாவம் சாட்ஸ் சுமக்கும்.

7. கசப்புக் கோப்பை

ஆல்ஃபா அமிலம் கொதிக்கும் சூட்டில் உருமாறினால்தான் பீரின் கசப்பு வரும். நீரின் கொதிநிலையோ உயரம் கூடக் கூடக் குறைகிறது. சுமார் 2,240 மீட்டரில் இருக்கிற ஊட்டியிலும் 2,130 மீட்டரில் இருக்கிற கொடைக்கானலிலும் ஏறக்குறைய 93 டிகிரி, குன்னூர், கோத்தகிரியில் 94. ஏழு டிகிரிதானே என்று விட்டுவிடாதீர்கள், கசப்பு உருவாகும் வேகம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. ஆகவே புத்தகத்தில் "30 நிமிடம்" என்று இருப்பதை இங்கே செய்தால் கோப்பை சப்பென்று இருக்கும், வகையின்மேல் பழி போடுவீர்கள். ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். பெங்களூரு 920 மீட்டர், அங்கே சுமார் 97 டிகிரியில் கொதிக்கும். நம் மலையில் எழுதிய கசப்புக் குறிப்பை அங்கே கொண்டுபோனால் அவர்களுடைய காய்ச்சும் கொப்பரையில் அதே அளவு ஹாப்ஸ் இன்னும் கசக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

சரி, அதற்குக் குக்கர் இருக்கிறதே என்று யோசிப்பீர்கள். கூடவே கூடாது. பெல்லட் ஊறி நுரைத்து, தூள் மேலே ஏறி, வெயிட் உட்கார்ந்திருக்கிற குழாயை அடைத்துவிடும். திறந்த பாத்திரம்தான்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு: 10-ஐ ஆல்ஃபா சதவீதத்தால் வகுங்கள். வருகிற எண்தான் ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது. அப்படிப் போட்டால் எந்த வகையானாலும் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆல்ஃபா இருக்கும். 13 சதவீத மேக்னம் என்றால் 0.77 கிராம், 12.5 சிட்ரா 0.80, 5.5 கேஸ்கேட் 1.82, 3.5 சாட்ஸ் 2.86. அரை லிட்டர் செய்தால் இதில் பாதி. இரண்டு இலக்கத் தராசு எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே எடையில் போட்டுவிட்டு "சாட்ஸ் கசப்பே இல்லை, மேக்னம் தாங்க முடியவில்லை" என்று சொல்கிறவர்கள், பாக்கெட்டின் மேலே எழுதியிருப்பதைத்தான் திரும்பச் சொல்கிறார்கள். கசப்பின் அளவைச் சமமாக்கிவிட்டால்தான் கசப்பின் குணம் தெரியும்: மேக்னம் நாக்கில் தட்டிவிட்டுப் போய்விடுகிறதா, கேஸ்கேட் தொண்டையில் நிற்கிறதா, சாட்ஸ் கூடவே எவ்வளவு இலைத் துவர்ப்பைக் கொண்டுவருகிறது? இலை அதிகம் போட வேண்டியிருப்பதால் அது வரத்தான் செய்யும்.

கொதிப்பில் ஆவியாகிக் குறைந்த தண்ணீரைக் கடைசியில் வெந்நீர் ஊற்றிச் சரிக்கட்டுங்கள். பாத்திரத்தில் முன்பே ஒரு கோடு போட்டு வைத்தால் சுலபம். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை எல்லாவற்றிலும் சமமாகப் போட்டால் நாக்கு கொஞ்சம் தாங்கும். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றைச் செறிவாக்கியது) கிடைத்தால் லிட்டருக்கு 100 கிராம் கரைத்து அதில் ஹாப்ஸ் போட்டுக் காய்ச்சலாம், பீருக்கு இன்னும் அருகில் வரும். ஆனால் இனிப்புள்ள எதையும் அன்றே கொட்டிவிட வேண்டும். அடுப்பங்கரையில் மறந்து வைத்தால் காற்றில் இருக்கிற ஈஸ்டே வேலையைத் தொடங்கிவிடும், முதல் தலைப்பில் சொன்ன சட்டம் அப்போது உங்கள் வாசலுக்கு வரும்.

ஒரு அமர்வில் இரண்டு வகைக்கு மேல் வேண்டாம். கசப்பு நாக்கில் தங்கும், மூன்றாவதற்கு நியாயம் கிடைக்காது. நடுவில் வெறும் பிரெட், பொரி சாப்பிடலாம். ஊட்டி வர்க்கி வேண்டாம், அதன் நெய்ப்பசை நாக்கில் படிந்துவிடும். காலையில் காப்பிக்கு முன் செய்வது நல்லது.

8. மூன்று கோப்பைச் சோதனை

பெயர் தெரிந்து சுவைத்தால் மனம் முந்திக்கொள்ளும். வீட்டில் யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள். மூன்று ஒரே மாதிரிக் கோப்பை, இரண்டில் ஒரு வகை, ஒன்றில் வேறு வகை, அடியில் பென்சிலில் குறி. வேறான ஒன்றை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும், ஆகவே ஒரு தடவை வென்றதும் துள்ளாதீர்கள். வேறு வேறு நாட்களில் திரும்பத் திரும்பச் சரியாக வந்தால்தான் அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரிகிறது என்று அர்த்தம். சிட்ராவையும் சாட்ஸையும் எல்லாரும் பிரித்துவிடுவார்கள். ஒரே வகையின் புது அறுவடையையும் பழையதையும் வைத்துப் பாருங்கள், அங்கேதான் மூக்கு கூர்மையாகும்.

9. ஆல்கஹால் இல்லாத பீரில் ஊறவைத்துப் பார்ப்பது

குளிரில் ஊறப்போடும்போது வருகிற வாசனை வேறு மாதிரி. இதற்கு சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற 0.0 பீர் போதும். 330 மில்லிக்கு 1 கிராம். பாட்டிலை முதலில் உறைநிலைக்குப் பக்கத்தில் குளிர வையுங்கள். குளிராத பாட்டிலில் பெல்லட் விழுந்தால் பச்சை நுரை பீறிட்டு மேடையெல்லாம் வழியும். குளிர்ந்த பீரை இறுக மூடும் கிளிப் பாட்டிலுக்கு மாற்றி, மேலே கொஞ்சம் இடம் விட்டு, பெல்லட்டைப் போட்டவுடன் மூடி, ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். ஹாப்ஸ் போடாத ஒரு பாட்டிலையும் பக்கத்தில் வைத்தால் எது ஹாப்ஸ், எது அடிப் பீர் என்று பிரித்தறியலாம்.

10. மிச்சத்தை எங்கே போடுவது

நாய் வளர்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஹாப்ஸ் நாய்க்கு விஷம். கொதித்த சக்கையானாலும் சரி, தின்றால் உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். தின்றுவிட்டது என்று தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். சக்கையைத் திறந்த குப்பையில் போடவும் கூடாது. மால்ட் இனிப்பு கலந்தது என்றால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடிக்கு அழைப்பு அனுப்புகிற மாதிரிதான். ஆழமாகக் குழி தோண்டி மண் போட்டு மூடுங்கள்.

மனிதருக்கு ஹாப்ஸ் நீர் லேசாகத் தூக்கம் வரவைக்கும். சோதனை முடிந்த கையோடு கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்ட வேண்டாம். கர்ப்பிணிகளும் தூக்க மாத்திரை எடுக்கிறவர்களும் முகர்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

11. செடி வாங்கச் சொன்னால்

கொஞ்சம் பழகியதும் யாராவது "நம்ம குளிருக்கு ஹாப்ஸ் அருமையாக வரும், வேர் தருகிறேன்" என்று வருவார்கள். குளிர் மட்டும் போதாது. ஹாப்ஸ் நன்றாக விளைவது 35 முதல் 55 பாகை அட்சரேகைக்குள். கோடையில் அங்கே பகல் பதினாலரை மணி நேரமும் அதற்கு மேலும் நீளும், அந்த வெளிச்சத்தில்தான் கொடி உயரமாக வளர்ந்து பிறகு பூக்கும். ஊட்டி 11 பாகையில் இருக்கிறது, ஜூன் மாதத்திலும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். கொடி இடுப்பளவு வருவதற்குள் நாலு பூ பூத்து நின்றுவிடும். இந்தியாவில் ஹாப்ஸ் விளைகிற இடம் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு. அது 32 பாகைக்கும் மேலே, பனி விழுகிற நாடு. வெளிநாட்டு வேர் என்றால் இறக்குமதி அனுமதியும் தாவரநலச் சான்றும் வேண்டும், விற்கிறவரிடம் அந்தக் காகிதங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஆசைக்கு ஒரு தொட்டியில் வைத்து விளக்குப் போட்டு வளர்ப்பது உங்கள் விருப்பம், ஒப்பீட்டுக்கு அந்தப் பூவை நம்ப வேண்டாம்.

நான்கு பாக்கெட்டையும் இந்த வரிசையில் முடிக்க, வாரத்துக்கு இரண்டு காலை என்று வைத்துக்கொண்டால், ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதற்கடுத்து வாங்குவதானால் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸும் சொராச்சி ஏஸும் வாங்குங்கள். முதலாவதில் தேனும் தைமும் தெரியும், இரண்டாவது ஜப்பானில் உருவானது, எலுமிச்சைப் புல்லும் சதகுப்பையும் மணக்கும். மொசைக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடலாம், சிட்ராவைப் பார்த்த கையோடு அதை முகர்ந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.